மரபணு இல்லாத இடத்தில் கிடைத்த குடல் நோயின் வேர்

கிரோன் நோய், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறோம். குடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு செல்களே குடல் சுவரைப் புண்ணாக்குகிற நோய் இது. வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி, உடல் மெலிவு என்று வருடக்கணக்கில் ஆளைப் படுத்திவிடும்.

இது குடும்பங்களில் தொடர்வதைப் பார்த்து மரபணுக்களில் தேடினார்கள். 2001இல் நாட்2 சிக்கியது. பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கை அடையாளம் காணும் புரதத்துக்கான மரபணு அது. அதில் பிழை வந்தால் புரதம் சரியாக வேலை செய்யாது. அதுவரை சரி. அப்புறம் ஆயிரக்கணக்கானவர்களின் டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, நோயோடு தொடர்புள்ள 200க்கும் மேற்பட்ட இடங்கள் தெரியவந்தன. அவற்றில் பெரும்பாலானவை எந்தப் புரதத்துக்கும் குறிப்பு இல்லாத பகுதிகளில் இருந்தன!

அங்கேதான் மரபணுக்களின் வேலையைக் கூட்டும் டிஎன்ஏ துண்டுகளான என்ஹான்சர்கள் இருக்கின்றன. என்ன புரதம் என்பதை மரபணு சொல்லும். எந்த செல்லில், எப்போது, எவ்வளவு என்பதில் என்ஹான்சருக்குப் பெரிய பங்கு உண்டு. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் மாதிரி. அதனால் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாற்றம் எந்த செல்லில் வேலை காட்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான சவால்.

குடலில் முக்கியமான ஒரு செல் மேக்ரோஃபேஜ். ரத்தத்திலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் ஓயாமல் குடல் சுவருக்குள் வந்து மேக்ரோஃபேஜ்களாக மாறுகின்றன. ஆரோக்கியமான குடலில் இவை பாக்டீரியாவை விழுங்கும், ஆனால் ஊரைக் கூட்டாது. அந்த அமைதிக்கு ஐஎல்-10 என்ற சமிக்ஞைப் புரதம் அவசியம். அதை உணரும் ஏற்பி பழுதான சில குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதங்களிலேயே கடுமையான குடல் அழற்சி வந்ததை 2009இல் கண்டறிந்தார்கள். அவர்களில் ஒரு குழந்தைக்கு ரத்த ஸ்டெம் செல் (நோய் எதிர்ப்பு செல்களை உருவாக்கும் மூல செல்) மாற்று சிகிச்சை செய்ததும் நோய் அடங்கியது. குடலைத் தொடவே இல்லை, நோய் எதிர்ப்பு செல்களை மாற்றியதே போதுமாக இருந்தது. இந்தத் துறையில் என்னை மிகவும் நெகிழவைத்த முடிவு இதுதான்.

2024இல் லண்டனின் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் லீயின் குழு, 21ஆம் குரோமோசோமில் மரபணுவே இல்லாத ஒரு பகுதியைத் துருவியது. அங்கிருந்த என்ஹான்சர், தொலைவிலுள்ள இடிஎஸ்2 என்ற மரபணுவைத் தூண்டுவது தெரிந்தது. இந்த என்ஹான்சரின் டிஎன்ஏ ஆளுக்கு ஆள் சற்று மாறுபடும்; அதில் நோய் அபாயமுள்ள வடிவத்தில் பியு.1 என்ற புரதம் அந்த இடத்தில் கூடுதலாக ஒட்டிக்கொள்கிறது. இடிஎஸ்2 அதிகமாக உற்பத்தியாகிறது. மேக்ரோஃபேஜ்களில் இடிஎஸ்2வை வெட்டி நீக்கியபோது அழற்சிச் செயல்கள் தளர்ந்தன. அமைதியான மேக்ரோஃபேஜ்களில் அதைக் கூட்டியபோது, அவை கிரோன் நோயாளிகளின் மேக்ரோஃபேஜ்களை ஒத்த நிலைக்குப் போயின.

இந்த வடிவம் ஆரோக்கியமானவர்கள் பலரிடமும் இருக்கிறது. ஆகவே இது மட்டுமே நோயை வரவழைத்துவிடாது; குடல் பாக்டீரியா, மற்ற மரபணுக்கள், சூழல் எல்லாம் சேர வேண்டும்.

இடிஎஸ்2வை நேரடியாகத் தடுக்கும் மருந்து கிடையாது. ஆனால் மெக் என்ற புரதத்தைத் தடுக்கும், புற்றுநோய்க்குக் கொடுக்கும் மெக் தடுப்பான்கள் அதன் வேலையைக் குறைக்கின்றன. நோயாளிகளின் குடல் திசுவில் ஆய்வகத்தில் சோதித்தபோது அழற்சி தணிந்தது. சிக்கல் என்னவென்றால், இந்த மருந்துகள் மற்ற உறுப்புகளையும் பாதிக்கும், இந்த நோய்க்கோ நீண்ட காலச் சிகிச்சை தேவை. அதனால் மருந்தை மேக்ரோஃபேஜ்களுக்குள் மட்டும் கொண்டுசேர்க்கும் வழியை அந்தக் குழு தேடுகிறது.