ஒரு மீட்டர் அலைதானே?

2024 மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்தில் உள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றது. ஐந்து பேரும் இறந்துபோனார்கள். அன்றைக்குப் புயல் கிடையாது, நிலநடுக்கமும் கிடையாது. ஆனால் கடல் ஏறும் என்று ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் முன்பே எச்சரித்திருந்தது. கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் வந்த அந்த எச்சரிக்கையின் பெயர் கள்ளக்கடல்.

கணிப்பு பலித்தது. இப்படிப்பட்ட எச்சரிக்கைகளைக் கேட்கும்போது நம் மனதில் என்ன ஓடுகிறது என்பதுதான் கேள்வி. 'அலை உயரம் ஒரு மீட்டர்' என்று காதில் விழுகிறது. ஒரு மீட்டர் என்றால் இடுப்பளவு. மெரினாவில் கால் நனைக்கிறவர் ஏறக்குறைய தினமும் பார்க்கிற அலை. வெளியே எட்டிப் பார்த்தால் வானம் பளிச்சென்று இருக்கிறது, காற்றும் இல்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

அந்த அலை எங்கிருந்து கிளம்பியது என்று பார்ப்போம். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், தெற்கு அட்சரேகை 40 பாகைக்குக் கீழே, காற்றை மறிக்கப் பெரிய நிலப்பரப்பே கிடையாது. அங்கே ஒரு பெரும்புயல் நாள்கணக்கில் கடலைத் தேய்த்துக்கொண்டே இருந்தால், நீண்ட, சீரான அலைகள் பிறந்து வடக்கே புறப்படுகின்றன. தண்ணீர் அவ்வளவு தூரம் பயணம் செய்வதில்லை. நெல்வயலில் காற்று அடிக்கும்போது கதிர்கள் நின்ற இடத்திலேயே அசைய, அலை மட்டும் வரப்புவரை ஓடுமே, அதுபோல ஆற்றல் மட்டும் ஓடி வருகிறது.

ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஆழ்கடலில் அந்த அலையின் நீளம் சுமார் 500 மீட்டர். அதன் ஆற்றல் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். 45 பாகையிலிருந்து குமரிமுனைக்குக் கிட்டத்தட்ட 6,000 கிலோமீட்டர். ஐந்து நாள் பயணம்! புயல் அங்கேயே ஓய்ந்துபோயிருக்கும். அது அனுப்பிய அலை நம் கரைக்கு அப்போதுதான் வந்துசேரும். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது கடந்துபோவதே தெரியாது. அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குள் ஒரு மீட்டர் ஏறி இறங்குவதை யார் கவனிப்பார்கள்?

இனி அந்த உயரக் கணக்கு. முன்னறிவிப்பில் சொல்லப்படும் அலை உயரம் கடலில் உள்ள எல்லா அலைகளின் சராசரி அல்ல. உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. இந்த விசித்திரமான அளவு இரண்டாம் உலகப் போரின்போது வந்தது. ஹரால்ட் ஸ்வெர்ட்ரப், வால்டர் மங்க் என்ற இரு கடலியலாளர்கள், படைகளைக் கரையிறக்க ஏற்ற நாளைக் கணிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பழகிய படகோட்டி கடலைப் பார்த்து 'இன்றைக்கு அலை இவ்வளவு' என்று சொல்லும் உயரம், இந்த மூன்றில் ஒரு பங்குச் சராசரியோடு ஒத்துப்போனது. கண் சின்ன அலைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. ஆக, இன்று கணினி கக்குகிற எண்ணுக்கு மூலம் ஒரு படகோட்டியின் கண்மதிப்பு. எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

சராசரி என்றால் அதற்கு மேலும் அலை உண்டு என்று பொருள். முன்னறிவிப்பு 2 மீட்டர் என்றால், ஏறக்குறைய ஏழு அலைக்கு ஒன்று அதைத் தாண்டும். ஆயிரம் அலைக்கு ஒன்று நாலு மீட்டரை நெருங்கும். ஆயிரம் அலை என்பது பெரிய கணக்கில்லை. பத்து விநாடிக்கு ஓர் அலை வந்தால் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். இந்த அளவின் ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'குறிப்பிடத்தக்க அலை உயரம்' என்று வரும். அதைக் கேட்டு யாருக்கு என்ன விளங்கும்? 'பெரிய அலைகளின் சராசரி, ஒன்றிரண்டு இதைப்போல இரு மடங்கும் வரலாம்' என்றால் விளங்கும். கொஞ்சம் நீளம்தான், இருக்கட்டும்.

கள்ளக்கடலில் ஆபத்து உயரத்தைவிட விநாடியில் இருக்கிறது. உள்ளூர்க் காற்று எழுப்பி, ஐந்து விநாடிக்கு ஒன்றாக வரும் காற்றலையின் நீளம் சுமார் 39 மீட்டர். உயரம் இரண்டுக்கும் ஒரே மீட்டர்தான். ஆனாலும் 18 விநாடி அலை ஒவ்வொன்றும் சுமக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 13 மடங்கு. கரையை நெருங்கும்போது அது வேகம் குறைந்து, உயர்ந்து எழும்புகிறது. காற்றலை மணலில் உடைந்து நுரையாகி அடங்குமிடத்தில் இது நிற்காமல் மேலே ஏறிக்கொண்டே போகிறது. ஏறியது எல்லாம் திரும்பி இறங்கும்போதுதான் ஆளை இழுக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 18 விநாடி இடைவெளி என்றால் நிமிடத்துக்கு மூன்று அலைதான். பெரிய அலைகள் கூட்டமாக வந்துபோன பிறகு சில நிமிடங்கள் கடல் அடங்கியதுபோல் கிடக்கும். புதிதாக வருகிறவர் அந்தச் சில நிமிடங்களைத்தான் பார்க்கிறார், இறங்குகிறார்.

இதையெல்லாம் கேரள மீனவர்கள் எந்தச் சமன்பாடும் இல்லாமல் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். கள்ளனைப்போல் ஓசையில்லாமல் வரும் கடல். காற்று இல்லை, மழை இல்லை, முன்னறிகுறி இல்லை என்கிற மூன்றும் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. ஆய்வாளர்கள் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 2012இல் யுனெஸ்கோவும் அதை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றது. நமக்கு மொழிபெயர்க்கும் வேலையும் மிச்சம், தமிழில் கள்ளன் கள்ளன்தானே.

செய்தியைக் கரைவரை கொண்டுசேர்ப்பதற்கு நம் பக்கத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிட்ட அலை உயரக் கணிப்பை இணையத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கடலுக்குப் போகிறவர் காதில் அது விழுந்தது. இப்போது கணிப்பு நம் நாட்டிலேயே தயாராகிறது, கைபேசிக்கே வருகிறது. ஒலிபெருக்கியில் பேசிய அந்த ஊர்க்குரல் மட்டும் பல இடங்களில் அதோடு சேர்ந்து வருவதில்லை.

அந்தக் குரலில் ஒரு கள்ளக்கடல் எச்சரிக்கையை எழுதச் சொன்னால் நான் இப்படி எழுதுவேன்: "தெக்கே ரொம்ப தூரத்துல கிளம்பின அலை நாளைக்கு நம்ம கரைக்கு வருது. காத்து இருக்காது, வானம் தெளிவா இருக்கும், அதை நம்ப வேண்டாம். அலை கொஞ்ச நேரம் அடங்கின மாதிரி கிடக்கும், அப்பவும் யாரும் இறங்க வேண்டாம். வள்ளத்தையெல்லாம் மேல ஏத்திக் கட்டுங்க. வெளியூர்க்காரங்க யாராவது மணல்ல நின்னா கூப்பிட்டுச் சொல்லுங்க." எத்தனை மீட்டர் என்பதைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.