அயித்தையின் பெட்டி ஏன் மறுநாள் வந்தது?

சித்தப்பாவின் சாந்திக் கல்யாணத்துக்காகப் போன மே மாதம் கானாடுகாத்தான் போயிருந்தேன். பந்தி முடிந்து வளவுத் திண்ணையில் சாய்ந்தபோது அயித்தை வந்து பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து இருபது பேராக நேபாளம் போய்ப் பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். காத்மாண்டுவில் கொடுத்த பெட்டிகளில் ஆறு கூடவே வரவில்லை.

“ருத்ராட்சம் எல்லாம் அந்தப் பெட்டியிலதான். மறுநாள் கொண்டாந்து குடுத்தாங்க. வெயிட்டு கூடிப்போச்சுன்னாங்க. நிறுத்துப் பாத்துத்தானப்பா வாங்குனாங்க? நீ அந்த வேலைதானே பாக்குற, நீயே சொல்லு.”

நான் பார்ப்பது அந்த வேலைதான். எந்த ஓடுதளத்திலிருந்து, எந்த வெயிலில், எவ்வளவு எடையோடு ஒரு விமானம் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவன். அயித்தையின் பெட்டியை இறக்கச் சொன்னது நானில்லை. ஆனால் என்னைப் போன்ற ஒருவர் போட்ட கணக்குதான் இறக்கியிருக்கும். அன்று அவருக்குச் சொன்னதையும், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகனுக்காகச் சேர்த்துச் சொன்னதையும் இங்கே எழுதுகிறேன். அவன் பைலட் பயிற்சியில் இருக்கிறான். அவனிடம் இருந்த ஒரு தவறான நம்பிக்கை, பயிற்சி முடித்து வருகிற பல பிள்ளைகளிடமும் இருப்பதைப் பார்க்கிறேன்.

முதலில் பெட்டி. பயணிகள் விமானம் கிளம்பும்போது நாங்கள் போடும் கணக்கு, எல்லாம் நன்றாக நடக்கும் என்று போடுவதில்லை. ஓடுதளத்தில் வேகம் எடுத்து, இனி நிறுத்த முடியாது, ஏறியே ஆகவேண்டும் என்ற கட்டத்தில் ஒரு எஞ்சின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டுதான் போடுகிறோம். அந்தக் கட்டத்தின் வேகத்தை வி1 என்போம். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும், ஒவ்வொரு நாளும் இதே கணக்குத்தான். மிச்சமிருக்கிற ஒரே எஞ்சினோடு விமானம் ஏறவேண்டும், எதிரே இருக்கிற மலையையும் கோபுரத்தையும் தாண்டவேண்டும். அதற்கு எவ்வளவு எடை தாங்குமோ அவ்வளவுதான் அன்றைக்கு எடை.

“ரெண்டு எஞ்சின்ல ஒண்ணு போனா பாதி பலம் இருக்குமுல்ல?” என்று அயித்தை கேட்டார். வட்டிக்கடைக் கணக்கு பார்த்த வீட்டில் பிறந்தவர் என்பதால் அந்த வழியிலேயே சொன்னேன். மாதம் நூறு ரூபாய் வருமானம், வீட்டுச் செலவு நாற்பது, மிச்சம் அறுபது. வருமானம் ஐம்பதாகிவிட்டது, செலவு அதே நாற்பது என்றால் மிச்சம் முப்பது இல்லை, பத்துதான். விமானம் மேலே ஏறுவது அந்த மிச்சத்தில்தான். காற்றின் இழுவையைச் சமாளித்து நேராகப் பறக்கவே விசையில் பெரும்பங்கு போய்விடும். அதோடு, நின்ற எஞ்சின் சும்மா காற்றில் சுழன்று இழுக்கும். ஒரு பக்கம் மட்டும் தள்ளுவதால் மூக்கு திரும்பாமல் இருக்கச் சுக்கானை மிதித்துப் பிடிக்கவேண்டும், அதுவும் இழுவைதான். ஆக, செலவும் கூடிவிடுகிறது.

வெயில் இந்த மிச்சத்தை இன்னும் தின்னும். பல ஜெட் எஞ்சின்கள் கடல்மட்டத்தில் ஏறக்குறைய 30 டிகிரி வரை முழு விசை தரும்படி அமைக்கப்பட்டவை, அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற விசை இறங்கும். காத்மாண்டு விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,338 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றே மெல்லியது, சுற்றிலும் மலை. காலையில் சரியாக இருந்த எடை, விமானம் தாமதமாகி மதியம் கிளம்பும்போது சரியாக இல்லாமல் போகலாம். காற்றின் திசை மாறினாலும் அப்படியே. பயணியை இறக்க யாருக்கும் மனம் வராது, எரிபொருளைக் குறைக்க முடியாது, ஆகவே பெட்டி இறங்குகிறது. அயித்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்ப எங்களுக்காகத்தான் எறக்குனாங்களா?” என்றார். ஆமாம், உங்களுக்காகத்தான்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்துக்குப் பிறகு இந்தக் கேள்விகளை எல்லோரும் பயத்தோடு கேட்கிறார்கள். அங்கே கிளம்பிய சில நொடிகளில் இரண்டு எஞ்சினுமே விசை இழந்தன. நான் இங்கே எழுதுவது ஒரு எஞ்சின் நிற்பதைப் பற்றி. அது திட்டமிட்டுச் சமாளிக்கக்கூடிய நிலை, ஒவ்வொரு பைலட்டும் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் நிலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இனி அக்கா மகன். அவன் கேட்டது: “எஸ்.ஐ.டி.யைப் பிடிச்சுப் போனா மலை இடிக்காதுல்ல அம்மான்? அதுக்குத்தானே அதைப் போட்டு வச்சிருக்காங்க?”

எஸ்.ஐ.டி. என்பது ஒரு விமான நிலையத்திலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு அரசு வரைந்து வெளியிடும் புறப்பாட்டுப் பாதை. எந்தத் திசை, எங்கே திரும்புவது, எங்கே எவ்வளவு உயரம் என்று அதில் இருக்கும். அந்தப் பாதையை வரைந்தவர்கள் எல்லா எஞ்சினும் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு வரைந்தார்கள். சாதாரணமாக 3.3 சதவீதச் சரிவில் ஏறினால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அதாவது ஒரு கடல் மைலுக்கு 200 அடி. மலை குறுக்கே இருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கேட்பார்கள், வரைபடத்தில் எழுதியிருக்கும். எஞ்சின் நின்றால் என்ன என்ற கேள்விக்கு அந்தத் தாளில் பதில் கிடையாது. அதை விமான நிறுவனம்தான் தன் விமானத்துக்கு ஏற்றபடி தனியாகத் தயாரிக்கவேண்டும். இதை நான் சொன்னதும் அவன் முகம் மாறியது. நல்ல பையன், உடனே பேனா எடுத்தான்.

சான்றிதழ் விதிகள் இரட்டை எஞ்சின் விமானத்திடம் கேட்பது என்ன? ஒரு எஞ்சின் நின்று, சக்கரத்தை மடக்கியபின் குறைந்தது 2.4 சதவீதம் ஏறவேண்டும். இது தேர்ந்த பைலட் ஓட்டி, அமைதியான காற்றில் கிடைப்பது. உண்மை உலகில் அப்படியே கிடைக்காது என்பதால், தடைகளைத் தாண்டும் கணக்கில் அதிலிருந்து 0.8 சதவீதம் கழிக்கவேண்டும். மிச்சம் 1.6. நம் முன்னோர் ஐந்தொகை எழுதும்போது வராத கடனை முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் சொத்தைக் காட்டுவார்கள், அதே நாணயம் இது. கழித்தபின் வரும் அந்தப் பாதையை நிகரப் பாதை என்கிறோம். வழியில் இருக்கும் ஒவ்வொரு தடைக்கும் மேலே அது 35 அடியாவது இருக்கவேண்டும்.

கற்பனையாக ஒரு மலை வைத்துப் போட்டுக் காட்டினேன். ஓடுதளத்தைவிட 900 அடி உயரம். விமானம் 35 அடி உயரம் தொட்ட இடத்திலிருந்து 6 கடல் மைல் தூரத்தில் நேர் எதிரே நிற்கிறது. இரண்டு எஞ்சினும் ஓடி 3.3 சதவீதத்தில் ஏறினால் மலைமேல் வரும்போது 1,200 அடிக்குக் கொஞ்சம் மேலே இருப்போம், கவலையில்லை. ஒரு எஞ்சினில் 2.4 சதவீதம் என்றால் சுமார் 910 அடி. உச்சியிலிருக்கும் கோயில் கொடிமரம் தட்டும். நிகரக் கணக்கில் 1.6 சதவீதம் என்றால் 618 அடிதான், உச்சிக்கு 280 அடி கீழே. மூன்று விடையும் ஒரே மலைக்குத்தான். எஸ்.ஐ.டி.யை மட்டும் நம்பிப் போகிறவருக்கு முதல் விடை மட்டுமே கண்ணில் படும்.

அந்த மலையைச் சட்டப்படி தாண்டவேண்டுமானால் ஒரு எஞ்சினிலேயே ஏறக்குறைய 3.27 சதவீதம் ஏறும் அளவுக்கு எடையைக் குறைக்கவேண்டும். அது பெட்டிகளோடு நிற்காது, பல இருக்கைகள் காலியாகப் போகும். அதனால்தான் வேறு வழிகளைத் தேடுகிறோம். ஓடுதளம் நீளமாக இருந்தால் அந்த நீளத்தை ஏற்றமாக மாற்றலாம்: இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃப்ளாப்பைக் குறைத்து, தரையிலேயே கூடுதல் வேகம் எடுத்துக் கிளம்பினால் ஏறும் சரிவு கூடும். அதுவும் போதாவிட்டால் மலையைத் தாண்டாமல் விலகிப் போகவேண்டும். எஞ்சின் நின்றால் எஸ்.ஐ.டி.யை விட்டுவிட்டு, பள்ளத்தாக்கு திறந்திருக்கும் பக்கம் திரும்பும் தனிப் பாதை ஒன்றை வரைந்து வைக்கிறோம்.

இந்தத் திருப்பத்தில்தான் எனக்குத் தூக்கம் போன ராத்திரிகள் அதிகம். ஒரு எஞ்சினில் தாழ்வாகப் பறக்கும் விமானத்தைப் பொதுவாக 15 டிகிரிக்கு மேல் சாய்க்கமாட்டோம். சாய்த்தாலே ஏறும் திறன் குறையும். 15 டிகிரி சாய்வில், காற்றில் 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் திரும்பினால் வட்டத்தின் ஆரம் சுமார் 2.3 கிலோமீட்டர். 180 நாட் ஆகிவிட்டால் 3.3 கிலோமீட்டர். பைலட் ஃப்ளாப் மடக்குவதற்காக ஒரு நிமிடம் முன்னதாக வேகத்தைக் கூட்டினால் போதும், வட்டம் ஒரு கிலோமீட்டர் வெளியே போய் எதிர்ப் பக்க மலையைத் தொடும். பின்னால் காற்றடித்தால் இன்னும் வெளியே போகும். தாளில் நான் வரைவது கோடு. காற்றும் கையும் அந்தக் கோட்டை அகலமாக்குகின்றன. அதனால் விதியே தடைகளைப் பார்க்கும் அகலத்தைத் தூரத்தோடு கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறது: தொடக்கத்தில் பாதையின் இரு பக்கமும் 90 மீட்டர், அதன்பின் போன தூரத்தில் எட்டில் ஒரு பங்கு கூடிக்கொண்டே வரும், ஒரு எல்லை வரை.

இன்னொரு கேள்வியும் அவனிடம் வைத்தேன். எஞ்சின் வி1-இல் நின்றால் தனிப் பாதை, சரி. எஸ்.ஐ.டி.யில் பாதி தூரம் போய், வேறு பக்கம் திரும்பி, 1,500 அடியில் இருக்கும்போது நின்றால்? தனிப் பாதை தொடங்கும் இடம் பின்னால் போய்விட்டது. இதற்கு ஒரே விடை கிடையாது. எந்தப் புள்ளி வரை தனிப் பாதைக்குத் திரும்பலாம், எந்தப் புள்ளிக்குப் பின் எஸ்.ஐ.டி.யிலேயே தொடரலாம் என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் முன்கூட்டியே பார்த்து வைக்கவேண்டும். கிளம்புமுன் இரண்டு பைலட்டும் வாய்விட்டுப் பேசி முடித்திருக்கவேண்டும். மேலே போய் யோசிக்க நேரம் இருக்காது. புறப்பாட்டு முழு விசைக்குப் பொதுவாக 5 நிமிடம்தான் அனுமதி, ஒரு எஞ்சின் நின்ற நிலைக்கு 10 நிமிட அனுமதி பெற்ற விமானங்களும் உண்டு. தரையிலிருந்து வழிநடத்தும் விமானக் கட்டுப்பாட்டு நிலையமும் (ஏ.டி.சி.) உதவ முடியாமல் போகலாம், ஏனென்றால் அந்தத் தனிப் பாதை நிறுவனத்தின் தாள், கட்டுப்பாட்டாளர் மேசையில் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொல்லும் மூச்சிலேயே எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்பதையும் சொல்லவேண்டும்.

எனக்கு நடந்த ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு விமான நிலையத்தில் ஓடுதளத்தின் முனைக்கு அப்பால் கட்டட வேலைக்காகக் கிரேன் நிறுத்தியிருந்தார்கள். அறிவிப்பு முறைப்படி வந்திருந்தது. எங்கள் எடை அட்டவணையோ பழையது, கிரேன் அதில் இல்லை. ராத்திரிப் பணியில் அறிவிப்புகளைப் படித்தவர் ஓடுதளம் மூடல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இரண்டு நாள் விமானங்கள் அப்படியே போயின. மூன்றாம் நாள் காலையில் அந்த உயரத்தைப் போட்டுப் பார்த்தபோது, வெயில் நேரத்து எடையில் ஒரு டன்னுக்கு மேல் குறைக்கவேண்டியிருந்தது. எந்த எஞ்சினும் நிற்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு நாள் பயணிகளில் யாருக்கும் இது தெரியாது. எனக்கு இன்றும் கிரேன் என்ற சொல்லைப் படித்தால் கை தானாகக் கணக்குப் பலகைக்குப் போகும்.

ஆகவே தடை என்பது இமயமலை மட்டும் இல்லை. லே விமான நிலையம் 10,682 அடியில், மலைகளுக்கு நடுவே இருப்பதால் எல்லோரும் அங்கே கவனமாக இருப்பார்கள். சமவெளி என்று நாம் நினைக்கும் இடங்களில்தான் அசட்டை வரும். ஓடுதளத்துக்கு எதிரே இருக்கும் தடைகளைக் காட்டும் ஒரு வகை வரைபடம் வெறும் 1.2 சதவீதச் சரிவுக்கு மேல் தலைகாட்டும் எல்லாவற்றையும் குறிக்கச் சொல்கிறது. நூறு மீட்டருக்கு 1.2 மீட்டர், அவ்வளவுதான். ஓடுதள முனைக்குக் கிட்டத்தில் வளர்ந்த ஒரு தென்னை போதும், அந்தக் கணக்கில் ஏறிவிடும்.

மறுநாள் காலையில் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போனேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் அங்கே கிடக்கிறது. அதை மறுபடி விமான நிலையமாக்கவேண்டும் என்று ஊரில் பல காலமாகக் கேட்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. ஓடுதளத்தின் நீளத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இரண்டு முனைக்கும் அப்பால் பத்து கிலோமீட்டருக்கு என்னென்ன எழும்பி நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும் என்றேன். அவன் அடிவானத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினான்: கோயில் கோபுரம் ஒன்று, தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம் மூன்று.

திரும்பி வந்தபோது வீட்டில் தேவகோட்டை அண்ணன் ஒருவர் காத்திருந்தார். மதுரை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி நான்கு மாடி லாட்ஜ் கட்டப்போகிறார். உயர அனுமதி வாங்கச் சொல்கிறார்களே, அது வெறும் சம்பிரதாயம்தானே, யாரையாவது பிடித்து முடிக்கலாமா என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். விமான நிலைய ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் திறந்து, நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து தரையின் உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவரிடம் பத்திரத்தில் இருந்தது சர்வே எண் மட்டும். சர்வேயரை வைத்து அளந்து வாங்கிக்கொண்டு வாருங்கள் அண்ணே, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, இடிதாங்கி, விளம்பரப் பலகை எல்லாவற்றையும் சேர்த்து உச்சி உயரம் வேண்டும் என்றேன். “இடிதாங்கியுமா?” என்றார்.

“அதுதாண்ணே முதல்ல.”