மின்கம்பியோரம் நிற்கும் மரத்தை வெட்டும் அதிகாரம் யாருக்கு?

ஆடிக் காற்றுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் மதுரைத் தெருக்களில் மின்கம்பியை ஒட்டிய மரங்களைக் கழிக்கும் பணி மும்முரமாகிவிடும். பராமரிப்புக்காக மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் அரிவாளும் துறட்டியுமாக வரும் பணியாளர்கள், வாசல் வேம்பை ஒரு பக்கமாகக் கழித்து, கொப்புகளைச் சாக்கடையோரம் போட்டுச் சென்ற பிறகுதான், இதற்கு யாருடைய அனுமதி வேண்டும் என்ற கேள்வி குடியிருப்போருக்கு எழுகிறது. அதற்கான விடை 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்தில், 68ஆவது பிரிவில் இருக்கிறது.

மேல்நிலை மின்பாதைக்கு அருகில் உள்ள மரம் மின்சாரம் செல்வதற்கு இடையூறாக இருந்தாலோ, இடையூறு ஆகக்கூடும் என்றாலோ, மின் உரிமதாரரின் விண்ணப்பத்தின் பேரில், நிர்வாக நடுவரோ அரசு குறிப்பிட்ட வேறு அதிகாரியோ அதனை அகற்றவோ தமக்குத் தகுந்ததெனப்படும் வேறு நடவடிக்கை எடுக்கவோ செய்யலாம் என்கிறது அப்பிரிவின் 5ஆவது உட்பிரிவு. உரிமதாரர் என்பது இங்கே நாம் மின்வாரியம் என்று சொல்லிப் பழகிய தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். நிர்வாக நடுவர் நீதிமன்றத்தில் இருப்பவர் அல்லர். வட்டாட்சியர், கோட்டாட்சியர் போன்ற வருவாய்த்துறையினரே அந்த அதிகாரம் பெற்றவர்கள். நடைமுறையில் கம்பியில் உரசும் ஒவ்வொரு கிளைக்காகவும் யாரும் வட்டாட்சியரிடம் போவதில்லை. வீட்டுக்காரரின் வாய்மொழிச் சம்மதத்துடன் வேலை முடிந்துவிடும். ஆனால், அவர் மறுக்கும்போதும், மரத்தையே எடுக்க வேண்டும் என்று சொல்லப்படும்போதும், உத்தரவைக் காட்டுங்கள் என்று கேட்க அவருக்கு இடம் உண்டு.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயரழுத்தப் பாதையில் ஓடுவது 11,000 வோல்ட். நனைந்த கிளை அதில் பட்டால் துணைமின் நிலையத்தில் பீடர் டிரிப் ஆகி, அதாவது அந்தப் பாதைக்கான மின்சாரம் தானாகவே துண்டிக்கப்பட்டுப் பல தெருக்கள் இருளில் மூழ்கும். கிளை முறிந்து கம்பி அறுந்தால் உயிர் போகும். கம்பி வெயிலில் தொய்யும், காற்றில் ஆடும் என்பதால் இப்போது தொடாத கிளையையும் கழிக்க வேண்டியிருக்கிறது. ஆயினும், ஒரு பக்கம் மட்டும் கழிக்கப்பட்ட மரம் மறுபக்கம் பாரம் கூடி, அடுத்த ஆடியில் அதே பக்கம் சாய்வதையும் பார்க்கிறோம். வாளால் சீராக அறுக்காமல் அரிவாளால் கொத்திவிட்ட இடத்தில் நீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். வேலை நடக்கும்போதே அருகில் நின்று, இரு பக்கமும் சமமாகக் கழிக்கச் சொல்வது பிறகு மனு எழுதுவதைவிடப் பயனுள்ளது.

இழப்பீட்டைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: மரம் முந்தியதா, கம்பி முந்தியதா? மின்பாதை போடுவதற்கு முன்பே நின்ற மரமாக இருந்தால், அதில் உரிமையுள்ளவருக்கு நியாயமான இழப்பீட்டை நிர்வாக நடுவர் நிர்ணயிக்க வேண்டும் என்றும், அதை உரிமதாரரிடமிருந்து பெறலாம் என்றும் 6ஆவது உட்பிரிவு கூறுகிறது. கம்பிக்குப் பின் நட்ட மரத்துக்கு இந்த உட்பிரிவு பொருந்தாது. சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு இது பெரிய விஷயம்; வேம்பைக் கழித்தால் மீண்டும் துளிர்க்கும், தென்னையின் குருத்தை வெட்டினால் மரமே போயிற்று. கிராம நிர்வாக அலுவலரின் பழைய அடங்கல்களில் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் பதிவேடு) தென்னை எனப் பதிவாகியிருக்கும் ஆண்டையும், மின்பாதை அமைக்கப்பட்ட ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட முடிந்தால் வாதம் வலுப்படும். பின்னதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்டுப் பெறலாம். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை அனுபவிக்கத் தரப்படும் 2சி பட்டாவை வைத்திருப்பவரும் தம் உரிமையை எடுத்துச் சொல்லலாம்.

சாலையோரப் புளிக்கும் வாகைக்கும் வழி வேறு. அவை நெடுஞ்சாலைத்துறை, மாநகராட்சி, வருவாய்த்துறை என ஏதேனும் ஒன்றின் பொறுப்பில் இருக்கும். பொது நிலத்து மரங்களை வெட்டுவதை முறைப்படுத்த 2021இல் மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் பசுமைக் குழு அமைக்கப்பட்டது. எனவே, கிளை கழிப்பதாகச் சொல்லி அடிமரத்தில் வாள் வைக்கப்பட்டால், பசுமைக் குழுவின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். வெட்டுவதற்கு முன் மரத்தையும் கம்பியையும் சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

முறையீட்டை முதலில் உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுவது நல்லது. அங்கே தீராவிட்டால், செயற்பொறியாளர் அலுவலகத்தில் மாதந்தோறும் மேற்பார்வைப் பொறியாளர் நடத்தும் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும், ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர் நாளுக்கும் கொண்டு போகலாம். ஒரே மரம் ஆண்டுதோறும் வெட்டுப்படுகிறது என்றால், வெறும் கம்பிக்குப் பதில் உறையிட்ட கேபிள் போடும்படி தெருவினர் சேர்ந்து கேட்பதுதான் பொருளுள்ள கோரிக்கை. கிளை கம்பியில் சாய்ந்து கிடந்தால் வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தை 94987 94987 என்ற எண்ணில் அழையுங்கள். இரும்புத் துறட்டியை எடுத்துக்கொண்டு நீங்களே மாடியேற வேண்டாம்.