தாய்மரத்து நிழல் ஆகாது

பனாமா கால்வாய்க்காகச் சாக்ரெஸ் ஆற்றை அணை கட்டி மறித்தார்கள். 1913-இல் தண்ணீர் ஏற ஏறப் பள்ளத்தாக்கு முழுவதும் காட்டூன் ஏரியாகிவிட, ஒரு குன்றின் மேல்பகுதி மட்டும் தீவாக மிஞ்சியது. அதுதான் பாரோ கொலராடோ. 1923 முதல் காப்புக்காடு. 1946 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆய்வு நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. படகில்தான் போக வேண்டும். மழை, புழுக்கம், உடம்பெல்லாம் உண்ணி. அங்கே போய் உட்கார்ந்து ஆய்வாளர்கள் மரங்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

எண்ணுவதற்கு ஒரு காரணம் உண்டு. வெப்பமண்டல மழைக்காட்டில் ஏன் இத்தனை வகை மரங்கள்? வெயிலும் மழையும் எல்லாவற்றுக்கும் பொது. வேகமாக வளரும் ஏதோ ஒரு மரம் மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டுக் காட்டையே பிடித்துக்கொள்ள வேண்டியதுதானே?

1980-களின் தொடக்கத்தில் ஸ்டீபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற சூழலியலாளர்கள் இருவரும் தீவின் நடுவே 50 ஹெக்டேரை அளந்து குறித்தார்கள். 1 கிலோமீட்டர் நீளம், அரை கிலோமீட்டர் அகலம். தண்டு 1 சென்டிமீட்டர் பருமன் இருந்தாலே போதும், அதற்கு எண் பொறித்த தகடு உண்டு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் நாடா சுற்றி அளக்க வேண்டும். அந்த உயரத்தில் அடிமரத்திலிருந்து பலகை போல் விரியும் வேர் குறுக்கிட்டால் ஏணி போட்டு அதற்கு மேலே அளந்து, அளந்த இடத்தில் பெயிண்டால் கோடு போட்டுவிட வேண்டும். அடுத்த முறை வருகிறவர் ஒரு சாண் தள்ளி அளந்தாலும் மரம் இளைத்துவிட்டதாகக் கணக்கு காட்டும். இப்படி 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தண்டுகள், ஏறக்குறைய 300 இனங்கள். 1985 முதல் சுமார் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதே வேலை.

கேள்விக்கு ஒரு பதில் முன்பே இருந்தது. சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சென் 1970-இலும், ஜோசப் கானெல் 1971-இலும் தனித்தனியே சொன்னது அது: ஒரு மரத்தையே நம்பிப் பிழைக்கும் வண்டும் பூஞ்சையும் அந்த மரத்தடியில்தான் கூடிக் கிடக்கும். அங்கேயே விழும் விதைக்குக் கதி இல்லை. தள்ளி விழுந்தால் தப்பிக்கும். தாயைச் சுற்றிக் காலியாகும் இடத்தில் வேறு இனம் வந்து உட்காரும்.

தீவிலேயே விரோலா என்று ஒரு மரம் இருக்கிறது. ஜாதிக்காய்க் குடும்பம், காய் வெடித்தால் உள்ளே ஜாதிபத்திரி போலவே சிவப்பு உறை. டூக்கான் பறவை அதை விதையோடு விழுங்கி, உறையைச் செரித்துவிட்டு, விதையை வேறெங்கோ கக்கிவிடுகிறது. அடியிலேயே விழும் விதைகளையும் முளைகளையும் சில வாரங்களில் கூன்வண்டு தீர்த்துக்கட்டுகிறது. 45 மீட்டர் தள்ளிப் போனவை பிழைக்க வாய்ப்பு பல மடங்கு அதிகம்.

சரி, ஒரு மரத்துக்கு இது பொருந்தலாம். காடு முழுவதற்கும்? அதற்காகத்தான் 1987-இல் 200 விதைப்பொறிகள் வைத்தார்கள். சட்டத்தில் கட்டிய அரை சதுர மீட்டர் வலைத்தொட்டி, அவ்வளவுதான். விழுவதை வாராவாரம் எடுத்துப் பிரித்து இனம் கண்டு எழுத வேண்டும். ஒவ்வொரு பொறியின் பக்கத்திலும் சதுர மீட்டர் அளவில் சிறு கட்டங்கள். அவற்றில் எத்தனை நாற்று முளைத்தது என்பது தனிக் கணக்கு. இரண்டையும் ஒப்பிட்ட முடிவு 2000-இல் வெளிவந்தது. பார்த்த 53 இனங்களிலும் ஒரே கதை: தன் இன விதை நெருக்கமாக விழுந்த இடத்தில் ஒரு விதை நாற்றாகும் வாய்ப்பு குறைவு.

யார் கொல்வது? வண்டு மட்டுமல்ல, மண்ணும்தான். ஆறு இன மரங்களின் அடியிலிருந்து மண் எடுத்து நாற்றுகளை வளர்த்துப் பார்த்தார்கள். தன் இனத்து மரத்தடி மண் கலந்த தொட்டியில் நாற்று நோஞ்சானாக நின்றது. அந்நிய மண்ணில் தேறியது. எனக்கு மிகவும் பிடித்தது 2010-இல் வந்த இந்த ஆய்வின் இன்னொரு முடிவு. சொந்த மண்ணில் அதிகமாக அடிவாங்கும் இனங்கள்தான் காட்டில் அரிதாகவும் இருக்கின்றன. அரிய மரம் ஏன் அரிதாகவே இருக்கிறது என்பதற்கு மண்ணுக்குள் ஒரு விடை.

எல்லாக் காட்டுக்கும் இதை அப்படியே நீட்டக் கூடாது. இதே அளவு 50 ஹெக்டேர் களம் 1988 முதல் நம் முதுமலையிலும் இருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழு தொடங்கியது. வறண்ட இலையுதிர்காடு, சுமார் 70 இனங்கள்தான். அங்கே இளங்கன்றுகளுக்கு எமன் காட்டுத்தீயும் யானையும். மலேசியாவின் பாசோ மழைக்காட்டுக் களத்திலோ அதே பரப்பில் 800-க்கு மேற்பட்ட மர இனங்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கணக்கெடுப்பைத் தொடங்கிய ஹப்பெலே பின்னாளில் வேறு பக்கம் போனார். மரங்கள் எல்லாம் ஏறக்குறைய சமபலம் கொண்டவை, எது பெருகும் எது மறையும் என்பது பெரும்பாலும் தற்செயல்தான் என்று 2001-இல் விரிவாக வாதிட்டார். அவரை மறுத்தவர்களில் பலர் கையில் எடுத்தது அவர் தொடங்கிய தீவின் கணக்கேட்டைத்தான்.