கலைப்பொருளும் இல்லை, சிதைவும் இல்லை

போன ஞாயிறு பெங்களூரு அல்சூரில் மச்சினர் வீட்டு டி.வி.யில் அந்தச் சொல் மறுபடி கண்ணில் பட்டது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய மலிவு மீடியா பாக்ஸ். மெனுவைத் தமிழுக்கு மாற்றி வைத்திருந்தார். ‘கலைப்பொருட்களைக் குறை’ என்று ஒரு வரி. அத்தை ஷோகேஸில் இருந்த தஞ்சாவூர் பொம்மையைப் பார்த்துவிட்டு, “எதுக்கு மாப்ளே குறைக்கச் சொல்றான்? இருக்கிறதே ஒண்ணுதானே” என்றார்.

மூலச்சொல் ஆர்ட்டிஃபாக்ட். லத்தீனில் ‘திறமையால் செய்யப்பட்டது’. அகழாய்வுக் குழியில் கிடைக்கும் பானை ஓட்டுக்கு அந்தப் பெயர் சரி. ஆய்வகத்துக்குள் போனதும் பொருள் வேறு: பார்க்கப்படும் பொருளில் இல்லாமல், பார்க்கும் முறையே உண்டாக்கிவிட்ட ஒன்று. எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நோயாளி அசைந்தால் விழுகிற பேய் உருவம் அப்படிப்பட்டது. வீடியோக்காரர்கள் எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது பொருளைத்தான். மொழிபெயர்த்தவரோ அகராதியில் முதல் பொருளோடு எழுந்துவிட்டார்.

கலைப்பொருளையாவது சிரித்துவிட்டு விடலாம். எனக்கு எரிச்சல் அதே ஆர்ட்டிஃபாக்டுக்கு வைக்கும் இன்னொரு பெயரான ‘படச் சிதைவு’ மேல்தான். தமிழறிந்தவர்களே எழுதுகிறார்கள், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் சிதைந்தது என்றால் மூலம் கெட்டுப்போனது என்றுதானே பொருள்? மச்சினர் ‘படச் சிதைவு’ என்று எங்கோ படித்துவிட்டு, தங்கை கல்யாண வீடியோவே போய்விட்டது என்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். அதே கோப்பை லேப்டாப்பில் போட்டேன். தாலி கட்டும்போது பறந்த அட்சதை ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது.

பாக்ஸில் ஓட்டினால் மணப்பெண் முகத்தில் சின்னக் கட்டங்கள். சில நொடி பெருகிக்கொண்டே போகும், சட்டென்று துடைத்துவிட்டதுபோல் சரியாகும், மறுபடி ஆரம்பிக்கும். 2003-இல் வந்த எச்.264 என்ற வீடியோ சுருக்க முறை படத்தை 16-க்கு 16 புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. விரிக்கும்போது கட்ட ஓரங்களை ஒரு வடிகட்டி மழுப்ப வேண்டும். இந்த பாக்ஸ் சிப்பின் வேலையைக் குறைக்க அந்த வடிகட்டியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒரு படத்தில் விட்ட பிசகு அதைப் பார்த்து வரையப்படும் அடுத்த படத்துக்கும் ஏறும். முந்தியதைப் பார்க்காமல் வரையப்படும் முழுப்படம் ஒன்று வந்தால்தான் கழுவப்படும். மெனுவில் வன்பொருள் டீகோடிங்கை, அதாவது விரிக்கும் வேலையை சிப்பில் அதற்கென்றே உள்ள தனிப் பகுதியிடம் விடுவதை, இயக்கினோம், கட்டங்கள் போயின. எதுவும் சிதையவே இல்லை, வழியில் ஒன்று முளைத்தது. அவ்வளவுதான்.

வழியில் முளைப்பதற்கு நம்மிடம் பெயர் இல்லையா? இரண்டு சொல் சேரும்போது நேரும் மாற்றத்தை, புணர்ச்சி விகாரத்தை, நன்னூல் மூன்றாகச் சொல்கிறது: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் பூங்கொடி. அந்த ‘ங்’ பூவிலும் இல்லை, கொடியிலும் இல்லை. சேரும் இடத்தில் தோன்றியது. மணப்பெண் முகத்துக் கட்டமும் அதே ‘ங்’தான். நிறம் மாறினால் திரிதல், இடையில் படங்கள் விழுந்துபோனால் கெடுதல். எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரிந்த பாகுபாட்டை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ‘சிதைவு’ என்று ஒரே முத்திரை குத்துவது சோம்பேறித்தனம்.

ஆகவே ‘இடைத்தோன்றல்’ என்கிறேன். தோன்றல் என்றால் தலைவன், மகன் என்றும் பொருள் உண்டே என்பார்கள். அதற்காகத்தான் முன்னால் ‘இடை’.

மச்சினர் ஒப்புக்கொள்ளவில்லை. “எஸ்.பி. ரோடு கடையில போய் இடைத்தோன்றல்னு சொல்லிப் பாருங்க மாமா.” அங்கே தமிழ் பேசுகிற கடைக்காரர்கள் ‘கட்டம் அடிக்குது’ என்பார்கள். அருமையான சொல், அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பழைய டிவிடி படத்தில் ஓடுகிறவன் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியுமே, அதையும் கட்டம் என்பாரா? கேட்டேன். அவர் ரிமோட்டை எடுத்து மெனுவை இங்கிலீஷுக்கே மாற்றிவிட்டார்.