கல்லூரி வீரரின் விளம்பர வருமானம்: தொகைக்கு வேலி நிற்காது, ஒப்பந்தத்துக்கு நிற்கும்

2024 செப்டம்பர். லாஸ் வேகாஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் வென்றிருந்தது. அப்போது அணியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை முன்னின்று நடத்தும் வீரர், மேத்யூ ஸ்லூகா, இந்த ஆண்டு இனி ஆடப்போவதில்லை என்று அறிவித்து விலகினார். பயிற்சியாளர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன 1,00,000 டாலர் வந்து சேரவில்லை என்றது அவர் தரப்பு. அணிக்காக ஆடுவதற்கே பணம் கேட்பது விதிமீறல் என்றது பல்கலைக்கழகம். இரு தரப்பும் எடுத்துக் காட்ட ஒரு கையெழுத்துத் தாள் இருந்திருந்தால் இந்தத் தகராறே எழுந்திருக்காது.

கல்லூரி வீரர்களின் விளம்பர வருமானத்தை ஒழுங்குபடுத்த முடியுமா என்று கேட்கும் பெற்றோர் பலர் மனத்தில் வைத்திருப்பது தொகையை. இவ்வளவு சின்ன வயதில் இவ்வளவு பணமா, இதற்கு ஒரு உச்சவரம்பு வேண்டாமா என்று. ஆனால் பிள்ளைகள் அடிபடுவது தொகையால் அல்ல, தாளால். அந்தத் தாளை ஒழுங்குபடுத்த முடியும். தொகைக்கு வைத்த வரம்புகளோ நீதிமன்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்திருக்கின்றன.

அமெரிக்காவில் இதை என்.ஐ.எல். என்கிறார்கள். வீரரின் பெயர், உருவம், அவரை அடையாளம் காட்டும் எதுவாயினும் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அவர் பணம் வாங்கும் உரிமை அது. கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. பல பத்தாண்டுகள் இதற்கு வைத்திருந்த வரம்பு பூஜ்யம். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் முன்னாள் கூடைப்பந்து வீரர் எட் ஓபேனன், தன் உருவம் வீடியோ விளையாட்டில் வருகிறது, தனக்கு ஒரு சென்ட் இல்லை என்று 2009இல் வழக்குப் போட்டார். 2014இல் நீதிபதி கிளாடியா வில்கன் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2019இல் கலிஃபோர்னியா, வீரர்களின் விளம்பர வருமானத்தைக் கல்லூரிகள் தடுக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. 2021 ஜூன் 21 அன்று ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராக நின்றார்கள். அந்தத் தீர்ப்பு கல்வி சார்ந்த சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பர வருமானத்தின் கதவை என்.சி.ஏ.ஏ. தானே திறந்துவிட்டது.

வரம்பு ஏன் நிற்பதில்லை? 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம்தான் காரணம். ஒரே ஆளை வேலைக்கு எடுக்கப் போட்டி போடும் நிறுவனங்கள் கூடிப் பேசி, இதற்கு மேல் யாரும் கொடுக்கக் கூடாது என்று முடிவு செய்தால் அது போட்டியை முடக்கும் கூட்டு. கல்லூரிகள் செய்ததும் அதுதான். அப்படியானால் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அங்கே வீரர் சங்கம் மேசையில் உட்கார்ந்து அந்த வரம்புக்கு ஒப்புக்கொண்டிருக்கிறது. கூட்டுப் பேரத்தில் பிறந்த வரம்புக்குச் சட்டம் விலக்குத் தருகிறது. கல்லூரி வீரர்களுக்கு அப்படி ஒரு சங்கம் இல்லை, ஏனென்றால் அவர்களை ஊழியர்களாகவே கல்லூரிகள் ஏற்பதில்லை. சில வீரர்கள் ஊழியர்களாக இருக்கக்கூடும் என்று மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில் ஜான்சன் வழக்கில் சொன்னது. அதைக் கல்லூரிகள் இன்றும் எதிர்க்கின்றன. ஊழியர் என்று ஏற்றால் சங்கம் வரும், சங்கம் வந்தால் சட்டப்படி நிற்கும் வரம்பு வரும். வரம்பு வேண்டும் என்கிறவர்களே அதற்கான நேர்வழியை அடைத்து வைத்திருக்கிறார்கள். மிஞ்சியது நாடாளுமன்றம் தரும் விலக்கு. 2025இல் கீழவையில் கொண்டுவரப்பட்ட ஸ்கோர் மசோதா அதைத்தான் கேட்கிறது.

இப்போது நடப்பில் இருப்பது, என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசம். 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் தந்தார். 2016 முதல் ஆடிய வீரர்களுக்கு 10 ஆண்டுகளில் சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு. 2025 ஜூலை 1 முதல், சமரசத்தில் சேர்ந்த பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் தன் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டுக்கு உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இது ஒரு வீரருக்கான வரம்பு அல்ல, ஒரு பல்கலைக்கழகத்தின் மொத்த விளையாட்டுத் துறைக்கானது. இதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. டென்னிஸ், நீச்சல், தடகளம் ஆடும் பிள்ளைக்கு இந்தப் பானையிலிருந்து பெரிதாக வரும் என்று கணக்குப் போடாதீர்கள். ஹார்வர்டு, யேல் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் இதில் சேரவே இல்லை.

வெளியார் தரும் விளம்பரப் பணம் இரண்டாவது பானை. அதற்கு உச்சவரம்பு இல்லை, ஆய்வு மட்டும் உண்டு. கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவான டிவிஷன் 1 வீரர் யாராக இருந்தாலும், வெளியாரிடம் 600 டாலரோ அதற்கு மேலோ வாங்கும் ஒப்பந்தத்தை 5 வேலைநாட்களுக்குள் என்.ஐ.எல். கோ என்ற இணையத் தளத்தில் பதிய வேண்டும். 300, 300 என்று உடைத்தாலும் ஒரே ஆள் தந்தால் கூட்டித்தான் பார்ப்பார்கள். தளத்தை நடத்துவது டெலாய்ட் என்ற தணிக்கை நிறுவனம், முடிவைச் செயல்படுத்துவது சமரசத்தோடு பிறந்த காலேஜ் ஸ்போர்ட்ஸ் கமிஷன் என்ற அமைப்பு.

ஆய்வில் முதலில் கேட்கப்படுவது, பணம் தருபவர் பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ளவரா என்பது. ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் கலெக்டிவ், பல்கலைக்கழகத்துக்கு இதுவரை மொத்தம் 50,000 டாலருக்கு மேல் நன்கொடை தந்தவர், அவர் நடத்தும் நிறுவனம் எல்லாம் இந்த வகைக்குள் வரும். தொடர்புள்ளவர் என்றால் இன்னும் இரண்டு கேள்வி. உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா? அதே நிலையில் உள்ள மற்றவர்களுக்குக் கிடைக்கும் தொகையோடு இது பொருந்துகிறதா? உள்ளூர் கார் விற்பனையாளர் ஒருவர், கல்லூரியின் பெரிய நன்கொடையாளர், 40,000 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் "வீரர் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு ஒத்துழைப்பார்" என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால் அது திரும்பி வரும். உரிமையை இப்போது வாங்கி வைத்துக்கொள்கிறேன், எப்படிப் பயன்படுத்துவது என்று பிறகு பார்க்கலாம் என்கிற ஒப்பந்தங்களை கமிஷன் உரிமையைக் கிடங்கில் பூட்டிவைப்பதாகவே பார்த்து நிராகரிக்கிறது. எத்தனை பதிவு, எந்தத் தளத்தில், எந்தத் தேதிக்குள், எத்தனை மணி நேரம் நேரில் வர வேண்டும், எந்தப் பொருளுக்காக என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டால் திருத்திப் பதியலாம், கைவிடலாம், நடுவர் மன்றத்துக்குப் போகலாம். எதையும் செய்யாமல் பணத்தை வாங்கினால் ஆடும் தகுதிக்கே ஆபத்து. ஆகவே ஒப்புதல் வரும்வரை பணம் கைமாறாது என்ற வரியை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். வந்த பணத்தைச் செலவழித்துவிட்டு நிராகரிப்பைச் சந்திக்கும் நிலை மோசமானது.

இந்த ஆய்வு முறையும் நிரந்தரமல்ல. நியாயமான தொகை எது என்று மூன்றாவது ஆள் சொல்வதே மறைமுக வரம்பு என்ற வாதம் வலுவானது. டென்னஸி, வர்ஜீனியா மாநிலங்கள் போட்ட வழக்கில், வீரரைச் சேர்க்கும் முன் விளம்பரப் பணம் பேசக் கூடாது என்ற என்.சி.ஏ.ஏ. விதிக்கு 2024 பிப்ரவரியில் நீதிமன்றம் தடை போட்டது நினைவிருக்கட்டும்.

உறுதியாக நிற்கக்கூடிய ஒழுங்குமுறை ஏஜென்ட் மீதும் ஒப்பந்தத்தின் மீதும் வைப்பது. இதில்தான் இன்னும் பெரிய ஓட்டை. என்.எஃப்.எல். வீரரின் சம்பள ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது, சங்கம் விடாது. கல்லூரி வீரரின் விளம்பர ஒப்பந்தத்தில் 10 முதல் 20 விழுக்காடு வரை கேட்கிறார்கள், நாடு தழுவிய உச்சவரம்பு கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் ஏஜென்ட் சட்டம் இருக்கிறது. அதன்படி ஏஜென்ட் மாநிலத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஏஜென்ட்டோடு போட்ட ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் வீரர் ரத்து செய்யலாம். கையெழுத்திட்ட 72 மணி நேரத்துக்குள், அல்லது அதற்கு முன்பே ஆட்டம் இருந்தால் ஆட்டத்துக்கு முன், கல்லூரியின் விளையாட்டு இயக்குநருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்த 14 நாள் ரத்து உரிமை இருப்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. கையெழுத்திட்ட தேதியை நாட்காட்டியில் குறித்து, பதினான்காவது நாள் முடியும் முன் வெளியாள் ஒருவரிடம் தாளைக் காட்டிவிடுங்கள்.

ஒப்பந்த காலம் எங்கே முடிகிறது என்பதை முதலில் பாருங்கள். ஃப்ளோரிடா பல்கலைக்கழக வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022இல் ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் 4,36,485 டாலர் வாங்கினார். பதிலாக அவர் கொடுத்தது, தொழில்முறை ஆட்டத்தில் 25 ஆண்டுகளுக்கு வரிக்கு முந்தைய வருமானத்தில் 15 விழுக்காடு. வரி அவர் கையிலிருந்து, பங்கு மொத்தத்திலிருந்து. 1 கோடி டாலர் சம்பாதித்தால் 15 லட்சம் போய்விடும். அது கடனா, விளம்பர ஒப்பந்தமா, செல்லுமா என்று 2023இல் அவர் வழக்குத் தொடுத்தார். விளம்பர ஒப்பந்தம் என்ற தலைப்பில் எதிர்கால வருமானத்தில் பங்கு கேட்டால் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்லூரி அணிக்கு ஆடும் தகுதி முடியும் நாளில் ஒப்பந்தமும் முடிய வேண்டும். "என்றென்றைக்கும், உலகெங்கும், எந்த ஊடகத்திலும்" என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டு, தேதி போடச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவில் பிள்ளையின் முகத்தையும் குரலையும் உருவாக்கும் உரிமை தனி விஷயம், அதைத் தனியாக எழுதி மறுத்துவிடுங்கள். கல்லூரி மாறினால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற வரி இப்போது அடிக்கடி வருகிறது. முழுத் தொகையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கல்லூரி அணிக்கு ஒரு ஷூ நிறுவனம் ஸ்பான்சர் என்றால், பிள்ளை போட்டி நிறுவனத்தின் ஷூவை ஆட்டத்தில் அணிவதாக எழுதிய ஒப்பந்தம் முதல் நாளே முட்டும்.

அடுத்தது வரி. ஒப்பந்தம் 10,000 டாலர், ஏஜென்ட்டுக்கு 1,500, மிச்சம் 8,500. வேறு வருமானம் இல்லாத மாணவருக்கு 2025 கணக்கில் மத்திய வருமான வரி பூஜ்யமாகவே வரும். அதோடு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. சுயதொழில் வரி தனி. 8,500இல் 92.35 விழுக்காட்டுக்கு 15.3 விழுக்காடு, அதாவது சுமார் 1,201 டாலர். நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே இந்த வரி உண்டு. கொடுத்த தொகையை வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099 படிவத்தைப் பணம் தந்தவர் அனுப்ப வேண்டிய வரம்பு 2026 முதல் 600இலிருந்து 2,000 டாலராக உயர்ந்திருக்கிறது. படிவம் வராததால் வரி இல்லை என்று ஆகாது. காசாக வராமல் ஷூவாக, காராக, உணவாக வந்தாலும் சந்தை மதிப்புக்கு வரி உண்டு. வந்ததில் மூன்றில் ஒரு பங்கைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கிவிட்டால், வரிக் கணக்கு முடிக்கும் ஏப்ரலில் தடுமாற வேண்டியதில்லை. கல்வி உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பத்திலும் இந்த வருமானம் ஏறும். விலக்குத் தொகைக்கு மேல் மாணவர் சம்பாதித்ததில் 50 விழுக்காட்டைப் படிப்புச் செலவுக்குக் கிடைப்பதாகவே அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது.

தமிழ்நாட்டிலிருந்து போய் ஆடும் பிள்ளைகளின் நிலை வேறு. மதுரைக்காரரான தக்ஷினேஸ்வர் சுரேஷ், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிக்கொண்டே 2025இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடியதைப் பார்த்து, அந்த வழியை யோசிக்கும் டென்னிஸ் குடும்பங்கள் இருக்கும். அப்படிப் போகிறவர்கள் பெரும்பாலும் எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பார்கள். பர்டூ பல்கலைக்கழகத்தின் ஸாக் ஈடி நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராக இருந்தும், கனடாக்காரர் என்பதால் சக வீரர்கள் செய்த விளம்பரங்களை அவரால் அமெரிக்காவில் செய்ய முடியவில்லை. எஃப்-1 விசாவில் அமெரிக்க மண்ணில் அனுமதியில்லாத வேலை செய்தால் விசா நிலையே போய்விடும். விளம்பரப் படப்பிடிப்பு, கையெழுத்துப் போடும் நிகழ்ச்சி, காசுக்கு இன்ஸ்டாகிராம் பதிவு எல்லாம் வேலையாகக் கருதப்படலாம். அணியின் எல்லா வீரர்களின் பெயரையும் சேர்த்து ஜெர்சி விற்று வரும் பங்கு போல, பிள்ளை எதுவும் செய்யாமல் வரும் பணத்துக்கு ஆபத்து குறைவு. கோடை விடுமுறையில் சென்னைக்கு வந்து செய்யும் விளம்பரம் இன்னொரு வழி. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய காங்கோ நாட்டுக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் ட்ஷீப்வே 2022இல் அணி பஹாமாஸ் போனபோது அங்கே வைத்துத்தான் விளம்பர வேலைகளை முடித்தார்.

இங்கே ஒரு வரியில் எல்லாம் கெடும். "உரிமம் மட்டும், வேலை இல்லை" என்று தொடங்கும் ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் "வீரர் மாதம் இருமுறை தன் பக்கத்தில் பகிர்வார்" என்று இருந்தால் அது வேலை ஒப்பந்தமாகிவிடும். என்.ஐ.எல். கோ தளத்தில் ஒப்புதல் கிடைத்தது விசாவுக்குச் செல்லாது, இரண்டும் வேறு வேறு அலுவலகம். அணி மேலாளர் சரி என்றார் என்பதும் போதாது. கையெழுத்துக்கு முன் முழு வரைவையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். அவர் தயங்கினால் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகே பேனாவை எடுக்க வேண்டும். வரிக் கணக்கும் இவர்களுக்கு மாறும். முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளில் பொதுவாக வெளிநாட்டினருக்கான 1040-என்.ஆர். வரிப் படிவம், மேலே சொன்ன சுயதொழில் வரி இல்லை. வேலை சென்னையில் நடந்திருந்தால் ஒப்பந்தத்திலேயே இடமும் தேதியும் எழுதி, விமானச் சீட்டையும் படப்பிடிப்பு ரசீதையும் அதோடு சேர்த்துக் கோப்பில் வையுங்கள். அடுத்த விசா நேர்காணலில் கேள்வி வந்தால் அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.