டிக்சிகிராட்: தலைப்புக்காகச் சுருங்கிய ஒரு பெயர்

அண்மையில் அமெரிக்க அரசியல் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தேன். 'தென்னக ஜனநாயகவாதிகள் மாநில உரிமைக்காகக் கட்சியை விட்டு வெளியேறினர்' என்ற வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வரியில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் படிக்கும் தமிழருக்கு யார் நினைவுக்கு வருவார்? மத்திய அரசோடு மல்லுக்கு நிற்கும் ஒரு நியாயவாதி. மூலத்தில் இருந்த ஒற்றைச் சொல் 'டிக்சிகிராட்'. அது குறித்தவர்களோ, கறுப்பின மக்கள் தங்களுக்குச் சமமாக வாக்களிப்பதையும் பள்ளியில் அமர்வதையும் பொறுக்காமல் கட்சியை உடைத்தவர்கள்.

சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். 'டிக்சி', 'டெமாக்ரட்' (ஜனநாயகக் கட்சிக்காரர்) என்ற இரண்டையும் ஒட்டவைத்ததுதான் டிக்சிகிராட். டிக்சி என்பது அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்கு வழங்கும் செல்லப்பெயர். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதில் சொல்லாய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பென்சில்வேனியாவுக்கும் மேரிலாந்துக்கும் இடையே எல்லைக்கோடு அளந்த ஜெரமயா டிக்சனின் பெயர் என்பார் ஒரு சாரார். நியூ ஆர்லியன்ஸ் வங்கியின் பத்து டாலர் நோட்டில் பிரெஞ்சு மொழியில் பத்தைக் குறிக்கும் சொல் அச்சிட்டிருந்ததையும், ஆங்கிலம் பேசுவோர் அதை 'டிக்ஸ்' என்று படித்ததையும் காட்டுவார் இன்னொரு சாரார். பெயரை ஊரெல்லாம் பரப்பியது 1859-இல் நியூயார்க் மேடையில் அரங்கேறிய ஒரு பாட்டு. தெற்கின் அடையாளம் வடக்கில் பிறந்தது என்பது வேடிக்கைதான். நம் வீட்டுத் தேக்சாவுக்கும் இந்த டிக்சிக்கும் உறவில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்கள் சமையல் பாத்திரத்தை டிக்சி என்பார்களே, அதுதான் தேக்சாவின் பங்காளி.

பெயர் பிறந்த ஆண்டு 1948. ஜூலை மாதம் பிலடெல்பியாவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தது. அக்கட்சியைச் சேர்ந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அந்த பிப்ரவரியிலேயே சிவில் உரிமைச் சட்டங்கள் கேட்டு நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பித் தெற்கைக் கொதிக்கவைத்திருந்தார். மின்னியாபொலிஸ் நகர மேயர் ஹியூபர்ட் ஹம்ப்ரி மேடையேறி, மாநில உரிமையின் நிழலை விட்டு வெளியே வந்து மனித உரிமையின் வெயிலில் நடக்கும் காலம் வந்துவிட்டது என்றார். சிவில் உரிமைத் தீர்மானம் 651½-க்கு 582½ என்ற வாக்குகளில் நிறைவேறியது. (அரை வாக்கு அச்சுப் பிழை அல்ல, அந்த மாநாடுகளில் அப்படியும் உண்டு.) மிசிசிப்பிக் குழு முழுவதும், அலபாமாக் குழுவில் பாதியும் வெளிநடப்புச் செய்தன.

வெளியேறியவர்கள் மூன்றே நாளில் அலபாமாவின் பர்மிங்ஹாமில் கூடி, தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டை நாட்டின் குடியரசுத் தலைவர் பதவிக்கும், மிசிசிப்பி ஆளுநர் ஃபீல்டிங் ரைட்டைக் குடியரசுத் துணைத்தலைவர் பதவிக்கும் நிறுத்தினார்கள். தங்களுக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் 'மாநில உரிமை ஜனநாயகக் கட்சி'. பத்திரிகைத் தலைப்பில் இவ்வளவு நீளம் எப்படி அடங்கும்? தலைப்பு எழுதுகிறவர்கள் சுருக்கினார்கள், டிக்சிகிராட் ஆனது. கட்சிக்காரர்களுக்கு அந்தக் கேலிப்பெயர் பிடிக்கவில்லை. ஆனால் பட்டப்பெயர் வைப்பதற்கு யாரும் அனுமதி கேட்பதில்லை.

அந்த நவம்பரில் அவர்கள் தென் கரோலினா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா ஆகிய நான்கு மாநிலங்களை வென்றார்கள். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் 39 கிடைத்தன. அந்த நான்கிலும் அவர்கள் புதுக் கட்சியாக நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாநிலக் கட்சி அமைப்பு அவர்கள் கையில் இருந்ததால், ஜனநாயகக் கட்சியின் அதிகாரபூர்வ வேட்பாளராகவே தர்மண்ட் நின்றார். அலபாமாவில் பதவியிலிருந்த ட்ரூமனின் பெயர் வாக்குச்சீட்டிலேயே இல்லை. அம்மாநில ஜனநாயகக் கட்சியின் சின்னம் ஒரு சேவல். அதனோடு சேர்ந்த முழக்கம் 'வெள்ளையர் மேலாதிக்கம்'. சீட்டை எடுத்துக் குறியிடும் எவர் கண்ணுக்கும் படும்படி அச்சிட்டிருந்த அந்த முழக்கத்தை 1966-இல்தான் நீக்கினார்கள்.

இதற்கு முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடிமைமுறையின் பரவலை எதிர்த்து 1854-இல் தோன்றியது குடியரசுக் கட்சி. லிங்கன் அதன் ஆள். 1870-இல் செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவல்ஸ் மிசிசிப்பியின் குடியரசுக் கட்சிக்காரர். 1877-க்குப் பிறகு குடியரசுக் கட்சி தெற்கைக் கைவிட, தெற்கு முழுவதும் வெள்ளையர் ஆதிக்க ஜனநாயகக் கட்சியின் கோட்டையானது. வடக்கு நகரங்களில் வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள் 1932 வரை பெரும்பாலும் லிங்கனின் கட்சிக்கே வாக்களித்தார்கள். 1936-இல் ஜனநாயகக் கட்சியின் ரூசவெல்ட் பக்கம் வந்தார்கள். ஒரே கட்சிக்குள் அவர்களும் அவர்களை வாக்குச்சாவடிக்கு அண்டவிடாதவர்களும். அந்தக் குடித்தனத்தில் விழுந்த முதல் பெரிய விரிசலுக்குப் பெயர்தான் டிக்சிகிராட்.

நிறப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தை இரு கட்சிகளும் தங்கள் சாதனை என்கின்றன. செனட் வாக்கெடுப்பில் 33 குடியரசுக் கட்சியினரில் 27 பேர் ஆதரித்தார்கள். 67 ஜனநாயகக் கட்சியினரில் 46 பேர். விகிதத்தில் குடியரசுக் கட்சியே முன்னே. ஆனால் உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன பழைய பதினொரு மாநிலங்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஜனநாயகக் கட்சியினர் 21 பேரில் ஒருவர்தான் ஆதரவு, டெக்சாஸின் ரால்ஃப் யார்பரோ. அங்கிருந்த ஒரே குடியரசுக் கட்சியினர் ஜான் டவரும் எதிர்த்தார். கட்சியைவிட ஊர்தான் பேசியது. எதிர்த்த ஆறு குடியரசுக் கட்சியினரில் ஒருவரான பேரி கோல்ட்வாட்டர் அதே ஆண்டு குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்று நாடெங்கும் படுதோல்வி அடைந்தார். மிசிசிப்பியில் மட்டும் 87 விழுக்காடு வாங்கினார். அந்தத் தேர்தலுக்கு முன்பே, செப்டம்பரில், தர்மண்ட் குடியரசுக் கட்சிக்கு மாறியிருந்தார்.

இங்கேதான் சொல் வழுக்குகிறது. 'டிக்சிகிராட்டுகள் எல்லாரும் குடியரசுக் கட்சிக்குத் தாவிவிட்டார்கள்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அப்படி நடக்கவில்லை. 1948-இல் தர்மண்டை ஆதரித்த மிசிசிப்பி செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லண்ட் 1978-இல் ஓய்வுபெறும்வரை ஜனநாயகக் கட்சிக்காரர்தான். சிவில் உரிமை மசோதாக்கள் வந்து சேரும் நீதித்துறைக் குழுவின் தலைவர் நாற்காலியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். தர்மண்டைப் போன்ற சிலரைத் தவிர, தலைவர்கள் இருந்த இடத்தில் இருந்தார்கள். வாக்காளர்களும் அடுத்த தலைமுறையும்தான் நகர்ந்தார்கள், அதுவும் மெதுவாக. தெற்கின் பிரதிநிதிகள் சபை இடங்களில் பாதிக்கு மேல் குடியரசுக் கட்சி பிடித்தது 1994-இல். அலபாமா சட்டமன்றம் அதன் வசமானது 2010-இல். 'கட்சிகள் இடம் மாறின' என்ற ஒரு வரிக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது.

இனி தமிழுக்கு வருவோம். 'தென்னகம்' என்றால் நமக்கு விந்தியத்துக்குத் தெற்கு, அதை விட்டுவிடலாம். 'ஜனநாயகவாதி' என்பது கொள்கையைக் குறிக்கும், கட்சியைக் குறிக்காது. 'ஜனநாயகக் கட்சியினர்' என்பதே சரி. 'மாநில உரிமை' நம்மிடையே மதிப்புள்ள சொல். அலபாமாவில் அது நிறப் பிரிவினைக்குப் போர்த்திய சால்வை. மேற்கோள் குறி இல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது. 'சிவில் உரிமை' என்பதைக் 'குடியுரிமை' என்று எழுதுவது எல்லாவற்றிலும் பெரிய பிழை. குடியுரிமை, ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் தகுதி. குடிமகனான பிறகும் மறுக்கப்பட்டவற்றுக்கான போராட்டம் இது. 'குடிமை உரிமை' எனலாம். செய்தித்தாள் வழக்கில் 'சிவில் உரிமை'யே நிலைத்துவிட்டது.

டிக்சிகிராட்டுக்கு நான் தேர்ந்துகொண்ட சொல் 'தெற்கத்தி அணியினர்'. டிக்சியில் உள்ள மண்வாசனை 'தெற்கத்தி'யில் கொஞ்சம் இருக்கிறது. கட்சிக்குள்ளிருந்து பிரிந்தவர்கள் என்பது 'அணி'யில் வந்துவிடுகிறது. 1948-க்கு வெளியே இதை நீட்டக் கூடாது. தென்மாநிலத்து ஜனநாயகக் கட்சியினர் எல்லாரும் டிக்சிகிராட்டுகள் அல்லர். 1964 சட்டத்தில் கையெழுத்திட்ட லிண்டன் ஜான்சனும் டெக்சாஸ்காரர்தான்.

திருத்திய வரியை இப்படிக் கொடுத்தேன்: 'நிறப் பிரிவினையைக் காக்க 1948-இல் ஜனநாயகக் கட்சியிலிருந்து உடைந்த தெற்கத்தி அணியினர், தங்களை "மாநில உரிமை"க் கட்சி என்று அழைத்துக்கொண்டனர்.' பழைய வரியைவிட நீண்டுவிட்டது. பக்கம் அமைக்கும் நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தலைப்பில் மட்டும் இடம் போதாது என்று 'டிக்சிகிராட்' என்றே போட்டுக்கொண்டார்.